மணலில் நிற்காத வாசனை

மலேசியாவின் ஷா ஆலமில் இருக்கும் ஒரு தனியார் ஆய்வுக்கூடத்தில் புனிதா சேர்ந்தபோது, அவளுக்குக் கொடுத்த வேலை கண்ணாடிக் குழாய்களையும் குடுவைகளையும் கழுவுவது. அப்போது அவளுக்கு இருபது வயது. பல்கலைக்கழகத்துக்கு முந்தின எஸ்டிபிஎம் தேர்வில் வேதியியல் நன்றாக வந்திருந்தது. மற்ற பாடங்கள் காலை வாரிவிட்டன. பல்கலைக்கழகத்தில் இடம் கிடைக்கவில்லை. கிள்ளான் பக்கம் அவள் ஊரான பண்டமாரானில் அவளோடு படித்த பெண்களெல்லாம் மின்னணுத் தொழிற்சாலைக்கு ஃபேக்டரி பஸ் ஏறிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் அங்கேதான் அதிகம். ஆனாலும் வேதியியல் வாசனையாவது படட்டும் என்று இவள் கழுவுகிற வேலைக்கு வந்தாள்.

கழுவிய குடுவையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பாள். உட்சுவரில் தண்ணீர் சீராக வழிந்தால் சரி. முத்து முத்தாக நின்றால் எங்கோ எண்ணெய்ப்பசை இருக்கிறது என்று அர்த்தம், மறுபடி கழுவுவாள். இதை அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. மூன்று வருடத்தில் தராசு மேசைக்கு மாற்றினார்கள். பத்து வருடத்தில், கலந்து கிடக்கும் பொருள்களைத் தனித்தனியாகப் பிரித்து அளவு சொல்லும் இயந்திரத்தை அவள் பொறுப்பில் விட்டார்கள். இப்போது நாற்பத்திரண்டு வயது. கணவர் ரெங்கசாமி துறைமுகத்தில் கன்டெய்னர் லோரி ஓட்டுகிறார். கூடத்தில் புதிதாக வருகிற பட்டதாரிகள் முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்வது ஒன்றுதான்: இயந்திரம் மக்கர் பண்ணினால் புனிதா அக்காவைக் கூப்பிட வேண்டும்.

அவளுக்கு நேர் மேலே இருந்தவன் இம்ரான். வாணியம்பாடிக்காரன், டாக்டர் பட்டம் வாங்கியவன், வேலை விசாவில் வந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தான். அவளைவிடப் பத்து வயது சின்னவன். அவன் அவளை அக்கா என்பான், அவள் அவனை டாக்டர் என்பாள். இரண்டு பேரும் அதிகம் பேசிக்கொள்ளாமலே வேலை ஓடும்.

போன வருட ஆரம்பத்தில் ஐரோப்பாவிலிருந்து ஒரு வாசனைப்பொருள் கம்பெனி ஒரு வேலை அனுப்பியது. துணிக்குப் போடும் சாஃப்ட்னரில் சேர்ப்பதற்காகப் புதிதாக ஒரு வாசனையைச் செய்திருந்தார்கள். ஈரப்பூவும் கஸ்தூரியும் கலந்த மாதிரி இருக்கும். துணி அலசிய தண்ணீர் கால்வாயில் போகிறது, அங்கிருந்து மண்ணுக்குள் இறங்குகிறது. மண் அந்த வாசனையைப் பிடித்து வைத்துக்கொள்ளுமா, இல்லை நிலத்தடி நீருக்கு விட்டுவிடுமா? இதுதான் கேள்வி. விற்பனைக்கு அனுமதி கேட்பதற்கு முன் இதற்குப் பதில் வேண்டும். ஐந்து வகை மண்ணில் அளந்து சொல்லச் சொன்னார்கள்.

வேலை பார்ப்பதற்கு எளிது. ஒரு குழாயில் மண்ணை எடை போட்டு, உப்புக் கலந்த தண்ணீர் ஊற்றி, வாசனையைத் துளியளவு விட்டு, மூடி, ஒரு நாள் முழுக்கச் சுழலும் சட்டத்தில் மாட்டித் தலைகீழாக உருட்ட வேண்டும். பிறகு வேகமாகச் சுழற்றி மண்ணை அடியில் தங்கவைத்து, மேலே தெளிந்த நீரில் எவ்வளவு வாசனை மிச்சம் இருக்கிறது என்று இயந்திரத்தில் பார்க்க வேண்டும். விட்டதில் காணாமல் போனது மண்ணோடு ஒட்டிக்கொண்டது என்று கணக்கு. கூடவே மண் போடாத குழாய்கள் இரண்டு மூன்று உருளும். அவற்றில் விட்டது அப்படியே இருந்தால்தான் கணக்கு செல்லும். இல்லையென்றால் வாசனை வேறெங்கோ போயிருக்கிறது.

மண் எடுக்கப் புனிதாவும் இம்ரானும்தான் போனார்கள். எண்ணெய்ப்பனைத் தோட்டத்துச் செம்மண், கிள்ளான் ஆற்றோர வண்டல், கடலோரக் களிமண், கோலா லங்காட் பக்கத்தில் இலைதழை மக்கிச் சேர்ந்த கறுப்புப் பீட் மண். ஐந்தாவதாக மணல் வேண்டும். ஜெஞ்சாரோமைத் தாண்டிக் கடற்பக்கம் போகும் வழியில் ஒரு பழைய மணல் திட்டு இருந்தது. அங்கே பக்கிரிசாமி என்பவர் வெண்டையும் பயற்றங்காயும் போட்டிருந்தார். அறுபது வயது தாண்டியவர். மண் எடுக்கச் சம்மதித்தார். அவர்கள் தோண்டி முடிக்கும்வரை பக்கத்தில் நின்று பார்த்துவிட்டு, தன் கிணற்றைக் காட்டி ஒரு கேள்வி கேட்டார்.

பக்கத்துக் குடியிருப்பில் புதிதாகச் சலவைக்கடை ஒன்று வந்திருந்தது. அதன் தண்ணீர் அவர் வேலியோரக் கால்வாயில்தான் ஓடியது. மழை பெய்து இரண்டு நாள் கழித்து இறைத்தால் கிணற்றுத் தண்ணீரில் துணி வாசனை வருகிறது. தோட்டத்தில் வேலை செய்யும் இரண்டு ஆட்களும் அந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். பைப் தண்ணீர் இழுப்பதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தார். மண்ணை அளந்து பார்த்துவிட்டால் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்று புனிதா சொன்னாள். இம்ரான் காருக்குப் போயிருந்தான். அவள் தன் போன் நம்பரைக் கொடுத்தாள்.

மார்ச் மாதம் நான்கு மண்ணும் ஒழுங்காக முடிந்தன. மணலின் முறை வந்தபோது, முந்தின நாள் சுழற்றலில் நான்கு கண்ணாடிக் குழாய்கள் விரிசல் விட்டிருந்தன. புதியவை வர மூன்று வாரம் ஆகும். அறிக்கைக்கு இரண்டு வாரம்தான் இருந்தது. இருந்த கண்ணாடிக் குழாய்கள் மண் இல்லாத ஜோடிக்கு மட்டுமே போதும். அலமாரியில் அதே அளவு பிளாஸ்டிக் குழாய்கள் பெட்டி பெட்டியாக இருந்தன. புனிதா கொஞ்ச நேரம் நின்று யோசித்தாள். மணலைப் பிளாஸ்டிக்கில் போட்டாள். மண் இல்லாதவற்றைக் கண்ணாடியில் ஊற்றினாள். நோட்டில் "ஐம்பது மில்லி குழாய்" என்று மட்டும் எழுதினாள். மறைக்க வேண்டும் என்று அவள் நினைக்கவில்லை. அன்று வேறு இரண்டு வேலைகளும் ஓடிக்கொண்டிருந்தன, எழுதும்போது கை அவ்வளவுதான் எழுதியது.

கண்ணாடியில் விட்டது அப்படியே இருந்தது. மணலில் பாதிக்கு மேல் காணவில்லை. மணல் இவ்வளவு பிடிக்கிறதே என்று இம்ரான் புருவத்தை உயர்த்தினான். ஆனாலும் நான்கு தடவை போட்டும் ஒரே எண்தான் வந்திருந்தது. வரைவு அறிக்கை போய்ச் சேர்ந்தது.

ஏப்ரலில் பக்கிரிசாமி போன் செய்தார். புனிதா அப்போது கிள்ளான் ஸ்டேஷனில் ரயிலுக்கு நின்றுகொண்டிருந்தாள். மணல் பாதிக்கு மேல் பிடித்துவிடுகிறது, கால்வாயிலிருந்து கிணற்றுக்கு நாற்பது அடி மணல் இருக்கிறது, அப்படியானால் கிணறு வரை எதுவும் வராது என்று அவளுக்குத் தோன்றியது. "மண்ணு பிடிச்சுக்கும் அங்கிள், பயப்படாதீங்க" என்றாள். அவர் சந்தோஷப்பட்டார். பைப் வேலை இப்போதைக்கு வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டதாகவும் சொன்னார். ரயில் வந்தது, அவள் ஏறிக்கொண்டாள்.

ஜூன் இரண்டாம் வாரம். வேறொரு வேலைக்காக ஆற்று மண் எடுத்துவர வேண்டியிருந்தது. பழைய பிளாஸ்டிக் குழாய்களைக் கழுவிக் காயவைத்து அந்த மாதிரி வேலைகளுக்கு வைத்துக்கொள்வது கூடத்து வழக்கம். புனிதா ஒன்றை எடுத்து மூடியைத் திறந்தாள். ஈரப்பூ வாசனை வந்தது.

கூடத்துச் சோப்புக்கு வாசனை கிடையாது. அந்தக் குழாயை அவளே சுடுதண்ணீரில் மூன்று முறை அலசியிருந்தாள். இன்னொன்றைத் திறந்தாள், அதிலும் வந்தது. பக்கத்துத் தட்டில் இருந்த கண்ணாடிக் குழாயைத் திறந்தாள். அதில் ஒன்றுமில்லை. நோட்டைப் போய்ப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை, ஆனாலும் போய்ப் பார்த்தாள். ஐம்பது மில்லி குழாய்.

யாரிடமும் சொல்லாமல் அன்று பிற்பகலே ஒரு சோதனை வைத்தாள். ஆறு பிளாஸ்டிக் குழாய்கள், மண் கிடையாது, உப்புத் தண்ணீரும் வாசனையும் மட்டும். உருட்டிவிட்டு வீட்டுக்குப் போனாள். மறுநாள் வெள்ளிக்கிழமை இயந்திரத்தில் விட்டுப் பார்த்தாள். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காணாமல் போயிருந்தது. மண்ணே இல்லை, அதை வாங்கிக்கொள்ளப் பிளாஸ்டிக் சுவரைத் தவிர அங்கே வேறு எதுவும் இல்லை. மணல் பிடித்ததாக எழுதியதில் பெரும்பகுதியைக் குழாய்தான் பிடித்திருக்கிறது.

இம்ரான் அன்று லீவில் இருந்தான், வேலை பெர்மிட் விஷயமாக அலைந்துகொண்டிருந்தான். போனில் சொல்ல அவளுக்கு மனம் வரவில்லை. சனிக்கிழமை காலை கிள்ளானிலிருந்து ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கி பிரிக்ஃபீல்ட்ஸுக்கு நடந்தாள். அவன் அறைக்குக் கீழே இருந்த சாப்பாட்டுக் கடையில் உட்கார்ந்தார்கள். அவள் அச்செடுத்து வந்த தாளை அவன் முன்னால் வைத்தாள். இம்ரான் இரண்டு தடவை படித்தான்.

"நோட்ல என்ன எழுதியிருக்கீங்கக்கா?"

"ஐம்பது மில்லி குழாய்னு மட்டும்."

"அப்ப இது யாருக்கும் தெரியாது."

வெறும் விவரமாகச் சொன்னானா, தப்பிக்க ஒரு வழியாகச் சொன்னானா என்று அவளுக்கு அன்றைக்கும் புரியவில்லை, பிறகும் புரியவில்லை.

"எனக்குத் தெரியும் டாக்டர்" என்றாள். "இப்ப உங்களுக்கும் தெரியும்."

அவன் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தான். தன் பெர்மிட் ஆகஸ்டில் முடிகிறது என்றான். புதுப்பிக்க ஆய்வுக்கூடத்தின் கடிதம் வேண்டும். அறிக்கையில் கையெழுத்து தன்னுடையது. மணல் எண் விசித்திரமாக இருந்தபோதே குழாயைப் பற்றிக் கேட்டிருக்க வேண்டியவன் தான்தான் என்று அவனாகவே சொன்னான். கடைசியில் திங்கட்கிழமை ஃபர்ஹானா மேடத்திடம் தானே பேசிக்கொள்வதாகவும், அவள் வர வேண்டாம் என்றும் சொன்னான். புனிதா ஒத்துக்கொள்ளவில்லை. செய்தது அவள், அவளே சொல்வாள்.

பிறகு பக்கிரிசாமிக்குப் போனில் சொன்னதையும் சொன்னாள். அதைக் கேட்டபோதுதான் இம்ரானுக்கு முகம் மாறியது. கம்பெனியின் சோதனை முடிவை வெளியாளுக்குச் சொல்வது ஒரு தப்பு. ஒரு குழாயில் பார்த்ததை வைத்து ஒருவருடைய கிணற்றைப் பற்றிச் சொல்வது அதைவிடப் பெரிய தப்பு.

"நம்பர் சரியா இருந்திருந்தாக்கூட அதைச் சொல்லியிருக்கக் கூடாதுக்கா. குழாய் வேற, நிலம் வேற."

அவன் சொன்னதில் ஒரு சொல்லும் தப்பில்லை என்பதால் கேட்டுக்கொண்டாள். திரும்பும் ரயிலில் ஷா ஆலம் வந்ததும் வேலைக்கு இறங்கும் பழக்கத்தில் எழுந்துவிட்டாள், பிறகு மறுபடி உட்கார்ந்தாள்.

ஃபர்ஹானா கூடத்தின் தரப் பொறுப்பாளர், கிள்ளான்காரர், குரலை உயர்த்தாதவர். திங்கட்கிழமை என்ன நடந்தது, எப்போது, எப்படித் தெரிந்தது என்று மூன்று கேள்வி கேட்டார். பதில்களை அவளையே எழுதித் தரச் சொன்னார். அன்று மதியத்துக்குள் ஐரோப்பாவுக்குக் கடிதம் போனது. வாரக் கடைசியில் புனிதாவின் கையில் வார்னிங் லெட்டர் வந்தது. குழாய் மாற்றத்தைப் பதியாதது ஒன்று, முடிவை வெளியே சொன்னது இன்னொன்று. இத்தனை வருடத்தில் முதல் கடிதம். இம்ரானுக்கும் ஒன்று வந்ததை அவள் பிறகுதான் கேள்விப்பட்டாள்.

பக்கிரிசாமியிடம் போய்ச் சொல்ல வேண்டும் என்று அவள் அனுமதி கேட்டாள். ஃபர்ஹானா சரி என்றார். "சொன்னதைத் திரும்ப எடுத்துக்கறேன்னு சொல்லுங்க. நம்பர் எதுவும் வாயில வரக்கூடாது. அவருக்கு விருப்பம்னா கிணத்துத் தண்ணிய நம்மகிட்ட குடுக்கட்டும், பார்த்துத் தருவோம்."

ஞாயிற்றுக்கிழமை ரெங்கசாமி காரோட்ட, ஜெஞ்சாரோம் போனார்கள். வழியெல்லாம் எப்படி ஆரம்பிப்பது என்று புனிதா மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தாள். தோட்டத்தில் இறங்கியதும் எல்லாம் கலைந்துவிட்டது. பக்கிரிசாமி வெண்டைக்காயைக் கூடைகளில் நிரப்பிக்கொண்டிருந்தார்.

"அங்கிள், மண்ணு பிடிச்சுக்கும்னு நான் போன்ல சொன்னேன்ல. அது தப்பு. எனக்குத் தெரியாமலே சொல்லிட்டேன். அந்தத் தண்ணி விஷம்னு சொல்ல வரல. நல்ல தண்ணின்னும் சொல்ல முடியாது."

அவர் கூடையைக் கீழே வைத்தார். வேலையாட்கள் இரண்டு பேரும் தூரத்தில் பயற்றங்காய்ப் பந்தலுக்கடியில் இருந்தார்கள். அவர்களைப் பார்த்தார்.

"நீ சொன்னத நம்பித்தான்மா ரெண்டு மாசமா என் ஆளுங்க குடிச்சாங்க."

ரெங்கசாமி ஏதோ சொல்ல வந்தார், புனிதா கையமர்த்தினாள். பக்கிரிசாமி பம்ப் செட் பக்கம் நடந்து போய், குடிதண்ணீர் தொட்டிக்குப் போகும் வால்வை அடைத்தார். வேலையாட்களைக் கூப்பிட்டு, இனிமேல் தொட்டியைத் தொட வேண்டாம், தான் வீட்டிலிருந்து தண்ணீர் கொண்டுவருவதாக மலாயில் சொன்னார். பிறகுதான் அவள் பக்கம் திரும்பினார். அவள் கிணற்றுத் தண்ணீர் கேட்டாள், கொண்டுவந்திருந்த கண்ணாடிப் புட்டிகளைக் காட்டினாள்.

"இந்தத் தடவ என்னா சொல்லப் போற?"

"எதுவும் சொல்ல மாட்டேன் அங்கிள். அளந்தத பேப்பர்ல குடுக்கறேன். உங்களுக்குப் புரியலன்னா டாக்டர் வந்து சொல்வாரு."

அவர் புட்டிகளை அவள் கையிலிருந்து வாங்கி, தானே வாளியை இறக்கி நிரப்பிக் கொடுத்தார். வண்டியில் ஏறியபிறகு ரெங்கசாமி, போனிலேயே சொல்லியிருக்கலாமே என்றார். போனில் சொன்னதால் வந்த வினைதானே இது என்று அவள் சொல்ல, அதோடு விட்டுவிட்டார்.

தண்ணீரில் சாஃப்ட்னர் வாசனை இருந்தது. ஐரோப்பியக் கம்பெனியின் புதுப்பொருள் இல்லை, கடைகளில் ஏற்கெனவே விற்கும் வேறொன்று. அளவு மிகச் சின்னது. அதனால் உடம்புக்கு என்ன என்று சொல்ல அந்தக் கூடத்தில் யாரிடமும் பதில் இல்லை. ஆனால் ஃபர்ஹானா அதே தண்ணீரைக் கிருமிச் சோதனைக்கும் அனுப்பியிருந்தார். கால்வாய்க் கிருமிகள் கிணற்றில் இருந்தன, குடிக்கக் கூடாத அளவுக்கு இருந்தன. வாசனையைப் பற்றி மட்டுமே யோசித்துக்கொண்டிருந்த புனிதா அந்தத் தாளில் இருந்த எண்ணைப் புட்டியின் எண்ணோடு ஒத்துப் பார்த்தாள். வேலையாட்களில் ஒருவர் மே மாதம் வயிற்றுப்போக்கில் நான்கு நாள் படுத்திருந்ததாக இம்ரான் போய்த் தாளைக் கொடுத்தபோது பக்கிரிசாமி சொன்னாராம். அது இந்தத் தண்ணீரால்தானா என்று இனிமேல் கண்டுபிடிக்க வழியில்லை. அடுத்த மாதம் அவர் பைப் இழுத்துவிட்டார். கிணற்றுத் தண்ணீர் செடிக்கு மட்டும் என்றாயிற்று. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு சுகாதார அலுவலகத்துக்கும் போய் வந்தார். சலவைக்கடைக்காரர் தன் தண்ணீரை வேறு பக்கம் திருப்ப இன்னும் நான்கு மாதம் ஆனது.

கூடத்தில் ஐந்து மண்ணையும் முதலிலிருந்து போட்டார்கள். கண்ணாடிக் குழாய் தவிர வேறெதுவும் மேசைக்கு வரவில்லை. பீட் மண் பத்தில் ஒன்பது பங்கைப் பிடித்தது, முதல் தடவை போலவே. களியும் வண்டலும் செம்மண்ணும் பெரிதாக மாறவில்லை. மணல் ஆறில் ஒரு பங்கைத்தான் பிடித்தது. மிச்சம் தண்ணீரோடு போய்விட்டது. அந்த எண் திரையில் வந்தபோது புனிதாவுக்குப் பயம் இல்லை, நிம்மதியும் இல்லை. இம்ரானைக் கூப்பிட்டுக் காட்டினாள். "எதிர்பார்த்ததுதான்" என்றான்.

இறுதி அறிக்கை அக்டோபரில் போனது. கடைசிப் பக்கத்தில், முதல் சோதனையில் தவறான குழாய் பயன்படுத்தப்பட்டது, அதை ஆய்வுக்கூடமே கண்டுபிடித்துத் திருத்தியது என்று இரண்டு வரி இருந்தது. பெயர் எதுவும் இல்லை. ஐரோப்பாவில் எப்படி எடுத்துக்கொள்வார்களோ என்று எல்லோரும் பயந்திருந்தார்கள். கம்பெனி காரமாக ஒரு கடிதம் எழுதியது, தாமதத்துக்குக் காரணம் கேட்டது, பிறகு அறிக்கையை ஏற்றுக்கொண்டது. இம்ரானுக்குப் பெர்மிட் இரண்டு வருடத்துக்குப் பதில் ஒரு வருடம் கிடைத்தது. அந்த வருடம் வர வேண்டிய பதவி உயர்வு புனிதாவுக்கு வரவில்லை. அதைப் பற்றி அவள் வீட்டில் ஒரே ஒரு நாள் பேசினாள்.

இந்த வருட ஆரம்பத்தில் அதே கம்பெனி இன்னொரு வேலை அனுப்பியது. மணலை நீளமான கண்ணாடிக் குழலில் நிரப்பி, மேலிருந்து மழைபோலத் தண்ணீர் விட்டு, வாசனை எத்தனை நாளில் அடிக்கு வருகிறது என்று பார்க்கச் சொன்னார்கள். அதற்கும் அதே திட்டு மணல்தான் வேண்டும். பக்கிரிசாமியிடம் கேட்கப் புனிதாவுக்குக் கூச்சமாக இருந்தது. இம்ரானைப் பேசச் சொன்னாள். பேசிவிட்டு அவன் அவள் மேசைக்கு வந்தான்.

"எடுத்துக்கங்கன்னுட்டாரு. ஆனா வேற ஆள் வேணாமாம். அந்தம்மாவே வந்து எடுக்கட்டும்னாரு."

"ஏனாம்?"

"கேட்டேன். தப்புன்னா நேர்ல வந்து சொல்ற ஆளுன்னாரு."

செவ்வாய்க்கிழமை காலை அவள் மண்வெட்டியும் வாளிகளும் எடுத்துக்கொண்டு ஜெஞ்சாரோம் போனாள். முந்தின நாள் மழை பெய்து மணல் ஈரமாக இருந்தது. பக்கிரிசாமி வெண்டைக்காய்க் கூடைகளை வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தார். அவளைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு, எந்த இடத்தில் தோண்டலாம் என்று கையைக் காட்டினார்.